உதவிக்கு வந்த நத்தை

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போருக்கு நத்தை ஒரு தீராத தொல்லை. நீர்ச்செடியின் இலையடியில் பசைபோல ஒட்டிவரும் முட்டைத் திரள் ஒன்றே போதும். சில வாரங்களில் கண்ணாடியெங்கும் நத்தைகள் ஊரத் தொடங்கிவிடும். மீன் குஞ்சுகள் வளரும் தொட்டியில் இத்தொல்லை இன்னும் அதிகம். ஆனால், இதே நத்தை ஒரு காலத்தில் உதவிக்கென்று மீன் தொட்டிக்குள் விடப்பட்டது என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். அதை விட்டவர் ஒரு வேதியியல் அறிஞர்.

வாரிங்டனின் சோதனை

இராபர்ட் வாரிங்டன் இலண்டன் மருந்தாளர் சங்கத்தில் வேதியியலராகப் பணியாற்றியவர். அக்காலத்தில் மீன் வளர்ப்போர் நீரை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. நீரை மாற்றாமலே மீனை வாழவைக்க முடியுமா என்று அறிய, 1849-ஆம் ஆண்டு அவர் ஒரு சோதனையைத் தொடங்கினார். 12 காலன், அதாவது சுமார் 54 லிட்டர் கொள்ளளவுள்ள கண்ணாடிக் கலத்தில் பாதியளவு நீர் ஊற்றினார். அடியில் மணலும் சேறும் கற்களும் இட்டு, இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். நாடா போன்ற இலைகளையுடைய வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் நட்டார். மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைச் செடி ஏற்கும். வெளிச்சத்தில் செடி வெளிவிடும் பிராணவாயுவை மீன் சுவாசிக்கும் என்பது அவர் போட்ட கணக்கு.

கணக்கில் ஒரு குறை இருந்தது. செடியின் முதிர்ந்த இலைகள் அழுகின; நீர் கலங்கிற்று. குளத்தில் இந்த அழுகலை அகற்றுவது எது என்று வாரிங்டன் சிந்தித்தார். ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொணர்ந்து கலத்தில் விட்டார். அவை அழுகிய இலைகளையும் வழவழப்பான பாசியையும் தின்றன, நீர் தெளிந்தது. நத்தைகள் இட்ட முட்டைகளோ மீன்களுக்கு உணவாயின. 1850 மார்ச்சில் இலண்டன் வேதியியல் கழகத்தில் இதை அவர் கட்டுரையாகப் படித்தார். 1853-இல் இலண்டன் உயிரியல் பூங்காவில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. கண்ணாடித் தொட்டி வீடுகளுக்கும் பரவிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாரிங்டனின் தொட்டியில் நத்தை முட்டையைத் தின்னும் மீன் இருந்தது. பிறந்து சில நாட்களே ஆன குஞ்சுகளால் அம்முட்டைகளைத் தின்ன முடியாது. மேலும், குஞ்சுகளுக்கு நாம் ஒரு நாளில் பல முறை இரை இடுகிறோம். அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் பெரும்பகுதி அடியில் தங்குகிறது. தடுப்பார் இல்லை, உணவோ மிகுதி. நத்தை பெருகாமல் என்ன செய்யும்?

நஞ்சு தந்த பாடம்

நத்தையை நஞ்சிட்டுக் கொல்லும் முறை வேறொரு தேவையால் வளர்ந்தது. பில்ஹார்சியா என்னும் கொடிய நோயின் புழுக்கள் நன்னீர் நத்தைகளுக்குள் வளர்ந்தே மனிதரை அடைகின்றன என்று, 1915-இல் எகிப்தில் ஆராய்ந்த லைப்பர் என்ற பிரித்தானிய அறிஞர் நிறுவினார். அதன்பின் அங்குள்ள நீர்நிலைகளில் நத்தைகளை ஒழிக்க மயில்துத்தம் இடப்பட்டது. மீன் தொட்டி நத்தைக்கும் தாமிர மருந்துகள் வழக்கத்துக்கு வந்தன.

தாமிரம் நத்தையோடு நிற்பதில்லை. அது மீனின் செவுள்களைத் தாக்கி, உடலின் உப்புச் சமநிலையைக் குலைக்கிறது. மென்னீரில் அதன் கொடுமை அதிகம். பெரிய மீன் தாங்கும் அளவைக் குஞ்சு தாங்காது.

இரண்டாவது ஆபத்தைப் புரிந்துகொள்ள உதவியவர் வாரிங்டனின் மகனே! தந்தையின் பெயரையே கொண்ட இளைய வாரிங்டன், ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மண்ணை ஆராய்ந்தார். நுண்ணுயிர்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்று காட்டினார். மீன் தொட்டியிலும் இதே வேலை நடைபெறுகிறது. நூற்றுக்கணக்கான நத்தைகள் ஒரே நாளில் செத்து அழுகினால், அம்மோனியா நுண்ணுயிர்களின் சக்திக்கு மேல் பெருகும். மருந்துக்குத் தப்பிய குஞ்சும் அப்போது மடியும்.

செய்யத்தக்கது

நத்தையைத் தின்னும் பேத்தை மீனை விடலாமே எனலாம். அது குஞ்சுகளையும் விட்டுவைக்காது. எளிய வழி வேறு உண்டு. குஞ்சுகள் சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே இரை இடுங்கள். எஞ்சியதை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுங்கள். குழாயின் வாயில் துணி கட்டினால் குஞ்சுகள் அகப்படா. இரவில், வெந்நீரில் வாட்டிய முட்டைக்கோஸ் இலை ஒன்றைத் தொட்டியில் இட்டு, காலையில் அதில் மொய்த்திருக்கும் நத்தைகளோடு வெளியே எடுத்துவிடுங்கள். சில வாரங்கள் தொடர்ந்தால் எண்ணிக்கை குறையும். புதிய செடிகளை இலை இலையாகப் பார்த்து, முட்டைத் திரளை நீக்கிய பின்னரே நடுங்கள்.

எஞ்சும் நாலைந்து நத்தைகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவை வாரிங்டன் தந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும். அவை மீண்டும் பெருகினால், இரை மிகுந்துவிட்டது என்று அறிந்து கையைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.