தர்மாஸ்பத்திரி வந்த வழி

வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, காசு கொடுக்காமல் மாத்திரையோடு வீடு திரும்பும் இடத்தைப் பெரியவர்கள் தர்மாஸ்பத்திரி என்பார்கள். பெயரில் தர்மம் இருந்தாலும் அது பிறந்ததென்னவோ ஒரு வியாபாரச் சண்டையில்.

1690களில் லண்டன் மருத்துவர்களுக்கும் மருந்துக்கடைக்காரர்களுக்கும் ஏழாம் பொருத்தம். கடைக்காரர்கள் மருந்தை அநியாய விலைக்கு விற்றதோடு நிற்காமல், தாங்களே வைத்தியமும் பார்த்தார்கள். பிழைப்பில் மண் விழுகிறதே என்று பொங்கிய மருத்துவர் சங்கம், ஏழைகளுக்கு அடக்க விலையில் மருந்து தர 1698இல் தன் கட்டடத்திலேயே ஓர் இடத்தைத் திறந்தது. சாமுவேல் கார்த் என்ற மருத்துவர் 1699இல் இந்தச் சண்டையை வைத்து ‘தி டிஸ்பென்சரி’ என்றொரு நெடும் கேலிக்கவிதை எழுத, அது பதிப்பு பதிப்பாக விற்றுத் தீர்ந்தது. மருந்தறை பின்னாளில் மூடப்பட்டது. யோசனையை மூட முடியவில்லை.

அதைத் தூசி தட்டி எடுத்தவர்களில் முக்கியமானவர் ஜான் லெட்சம், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மருத்துவர். 1770இல் லண்டனின் ஆல்டர்ஸ்கேட் வீதியில் தொடங்கிய டிஸ்பென்சரிக்கு வசதியுள்ளவர்கள் ஆண்டுச் சந்தா கட்டினார்கள். சந்தா கட்டியவர் கையெழுத்திட்ட சிபாரிசுக் கடிதம் இருந்தால் ஏழைக்கு இலவச வைத்தியம். கடிதம் இல்லாமல் காய்ச்சலோடு மட்டும் வந்தால் பயனில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு புதுமை இருந்தது. எழுந்து வர முடியாத நோயாளியைத் தேடி மருத்துவரே இருட்டுச் சந்துகளுக்குள் நடந்து போனார். ஏழையின் அடுப்பங்கரையையும் படுக்கையையும் படித்த மருத்துவர்கள் கண்ணால் கண்டது பெரும்பாலும் இப்படித்தான்.

லெட்சத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நண்பர்களில் ஒருவர் அமெரிக்காவில் பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ். அங்கே 1786இல் ஒரு டிஸ்பென்சரி முளைத்தது. சில ஆண்டுகளில் நியூயார்க்கிலும் ஒன்று. அதே நியூயார்க்கில் ஜான் ஸ்கடர் என்ற இளம் மருத்துவர் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நோயாளி ஒருவரின் வீட்டில் காத்திருந்தபோது, கிடந்த துண்டுப்பிரசுரம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். வெளிநாட்டு ஊழியத்துக்கு ஆள் கேட்கும் பிரசுரம் அது. மேசையில் செய்தித்தாள் கிடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. 1819இல் அவர் மனைவியோடு கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து, பண்டத்தரிப்பில் மருத்துவமும் போதகமுமாக அமர்ந்தார். 1836இல் சென்னைக்கு மாறினார். அவர் மகன்களில் ஏழு பேர் இந்தியாவில் மிஷனரிகள் ஆனார்கள். 1853இல் உருவான ஆற்காடு மிஷன் கிட்டத்தட்டக் குடும்பச் சொத்து போலவே நடந்தது.

மிஷன் டிஸ்பென்சரிகளில் மருந்துக்கு முன் வேதவாசிப்பும் ஜெபமும் உண்டு. இதை இரண்டு விதமாகப் பார்க்கலாம், நான் இரண்டையும் மறுக்க மாட்டேன். வலியோடு வந்தவரைப் பிரசங்கம் கேட்க வைப்பது நியாயமா என்பது ஒன்று. தெருவில் ஒருவரையொருவர் விலகி நடந்த சாதியார் ஒரே திண்ணையில் ஒரே மருந்துக்காகக் காத்திருக்க நேர்ந்தது இன்னொன்று.

அந்த மிஷனின் நிலையங்களில் ஒன்று திண்டிவனம். அங்கே மருத்துவராக இருந்தவர் பண்டத்தரிப்பு ஜான் ஸ்கடரின் மகன், அவர் பெயரும் ஜான். 1890களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் பள்ளிப்படிப்பை முடித்த அவர் மகள் ஐடா, நோயுற்ற தாயைக் கவனிக்க அங்கே வந்திருந்தாள். மிஷனரி வாழ்க்கை வேண்டவே வேண்டாம் என்பதுதான் அவள் எண்ணம். ஓர் இரவு பிராமணர் ஒருவர் கதவைத் தட்டினார்: மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, நீங்கள் வர வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியாது, அப்பாதான் மருத்துவர் என்றாள் ஐடா. அந்நிய ஆண் என் மனைவியைத் தொடுவதா என்று அவர் திரும்பிப் போனார். பிறகு ஒரு முஸ்லிம் வந்தார். பிறகு இன்னொரு இந்து வந்தார். மூன்று பேரும் கேட்டது ஒன்றுதான். திரும்பிப் போனதும் ஒரே காரணத்துக்காகத்தான். விடிந்தபோது பறைச் சத்தம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி என்றாலே இந்தக் கதையைச் சொல்கிறோம். அது நடந்த ஊர் திண்டிவனம் என்பதை ஏனோ பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இலவச மருந்து இருந்தது, கைதேர்ந்த மருத்துவர் இருந்தார், கதவும் திறந்திருந்தது. தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் அது எட்டவில்லை. ஆல்டர்ஸ்கேட்டில் தடையாக நின்றது கடிதம், திண்டிவனத்தில் பெண்ணை அந்நிய ஆணிடமிருந்து மறைத்துவைத்த கோஷா.

ஐடா மருத்துவம் படிக்கப் புறப்பட்டாள். கார்னெல் மருத்துவக் கல்லூரி அப்போதுதான் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது, 1899இல் பட்டம். ஆஸ்பத்திரிக்கு நிதி கேட்டு நியூயார்க்கில் ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் இருந்த முதியவர் ஷெல் அதைக் கேட்டுவிட்டாராம். மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக அவர் கொடுத்த 10,000 டாலரில் 1902இல் வேலூரில் பெண்கள் ஆஸ்பத்திரி எழுந்தது. அதற்கு முன்பே, தந்தையின் பங்களாவில் ஒரு சின்ன அறையை வைத்துக்கொண்டு இரண்டே ஆண்டுகளில் 5,000 நோயாளிகளைப் பார்த்திருந்தார் டாக்டர் ஐடா.

அதன்பிறகு அவர் டிஸ்பென்சரியைச் சாலையில் ஏற்றினார். குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் குறித்த மரத்தடிகளில் வண்டி நிற்கும். மருந்துப் பெட்டி இறங்கும். மூட்டைப்பூச்சிக் கடியிலிருந்து குஷ்டம் வரை சுற்றுவட்டார நோயெல்லாம் அங்கே கூடும். ‘ரோட்சைடு’ என்றே இதற்குப் பெயர் நிலைத்தது. முதல் பெஜோ கார் புகையும் சத்தமுமாக வந்தபோது பேய் என்று ஜனங்கள் ஓடினார்கள். பிறகு அதே சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். லெட்சம் காலத்து மருத்துவர் சந்துக்குள் நடந்தார். இவர் மரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். 1918இல் அவர் தொடங்கிய பெண்களுக்கான மருத்துவப் பள்ளிதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, அதாவது சி.எம்.சி.

நல்ல யோசனைக்குக் காப்பி அடிப்பவர்கள் குறையமாட்டார்கள். தென்னாற்காட்டில் டேனிஷ் மிஷன் திருக்கோவிலூரில் ஆஸ்பத்திரி வைத்தது. பிற்காலத்தில் அரசே பெரிய காப்பியடிப்பாளர் ஆனது: 1999இல் வருமுன் காப்போம் முகாம்கள், 2021இல் மக்களைத் தேடி மருத்துவம். இடையில் 2010இல், விழுப்புரத்தை ஒட்டிய முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. பிரசவத்துக்கு ஒரு பெண் மருத்துவர் இல்லாத காலம் திண்டிவனத்துக்கு மலையேறிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், சி.எம்.சி. வளர்ந்து நாடறிந்த ஆஸ்பத்திரி ஆனபோது, அதன் வாசலிலேயே வாழ்ந்த வேலூர் நகர ஏழைகளுக்கு அது தூரமாகிவிட்டது. 1982இல் அவர்களுக்கென்றே குறைந்த செலவு மருத்துவப் பிரிவு ஒன்றை அது தொடங்க வேண்டியிருந்தது. பட்டணத்துச் சேரிகளுக்குச் செவிலியர் நடந்துபோய் முதியவரையும் பிள்ளைத்தாய்ச்சியையும் பார்க்கிறார்கள். ஆல்டர்ஸ்கேட் சந்து மறுபடியும், பாலாற்றங்கரையில்.

இன்று திண்டிவனத்துத் தெருக்களில் மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர் வீட்டு வாசலில் நின்று ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தருகிறார். அதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம். பெரிய அறுவைசிகிச்சை என்று வந்தால்தான் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேண்டும். அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். சான்றுக்கு மனு போட்டுவிட்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நடக்க வேண்டும். லெட்சம் இதைப் பார்த்தால், தன் சிபாரிசுக் கடிதத்தின் பேரன் என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார்.