14 வருஷம் எடுத்த ஒரு கேமின் கதை

1/ ஜி.டி.ஏ. 5 வந்தது 2013-ல். அடுத்த பாகத்தோட முதல் ட்ரெய்லர் வரவே 2023 டிசம்பர் ஆச்சு. "பத்து வருஷமா என்னதான் பண்றாங்க?"னு கேக்கறவங்களுக்கு ஒரு பழைய கதை. கேம் ஆடாதவங்களும் படிக்கலாம்.

2/ 1996-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் இருந்த த்ரீடி ரியல்ம்ஸ் நிறுவனம் 'டியூக் நியூகெம் த்ரீடி'யை வெளியிட்டது. செம ஹிட். 1997 ஏப்ரலில் அடுத்த பாகத்தை அறிவிச்சாங்க. பெயர் 'டியூக் நியூகெம் ஃபாரெவர்'. பெயர்ப் பொருத்தம் அப்போ யாருக்கும் தெரியாது.

3/ ஒரு கேமுக்கு அடித்தளம் 'இன்ஜின்'. காட்சி, வெளிச்சம், அசைவு எல்லாத்தையும் திரையில் கொண்டு வர்ற மென்பொருள் அது. முதலில் குவேக் 2 இன்ஜின் வாங்கினாங்க. 1998-ல் அதைவிட நல்லதா அன்ரியல் வந்தது. உடனே மாறினாங்க. அஸ்திவாரம் மாறினா மேல கட்டின சுவரும் போச்சுன்னுதான் அர்த்தம்.

4/ சாதாரணமா பணம் போடற பதிப்பாளர் "தேதி என்ன?"னு நெருக்குவார். இங்கே போட்டது பழைய கேமில் சம்பாதிச்ச சொந்தப் பணம். எப்போ வரும்னு கேட்டா "முடியும்போது வரும்". போதும், நிறுத்துனு சொல்ல ஆளே இல்லை.

5/ தாமதமே தப்பா? இல்லை. அதே காலத்தில் வால்வ் நிறுவனம் 'ஹாஃப்-லைஃப்' செஞ்சுட்டு இருந்தது. 1997-ல் வரவேண்டியது. திருப்தி இல்லைன்னு பெரும்பகுதியை மறுபடி செஞ்சாங்க. ஆனா 1998 நவம்பரில் முடிச்சுக் கொடுத்தாங்க. இன்னிக்கும் கொண்டாடறோம்.

6/ டியூக் மட்டும் முடியவே இல்லை. 2001-ல் வந்த ட்ரெய்லரைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தாங்க. அதுக்கப்புறமும் எட்டு வருஷம் ஓடிச்சு. 2009 மே மாதம் பணம் தீர்ந்து, மொத்தக் குழுவையும் வீட்டுக்கு அனுப்பினாங்க. பதிப்பாளர் டேக்-டூ வழக்கும் போட்டது.

7/ எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். வேலை போன சிலர், வீட்டிலிருந்தே அந்த கேமைத் தொடர்ந்து செஞ்சாங்க. வாழ்க்கையில் அத்தனை வருஷம் கொடுத்த வேலை, யார் கண்ணிலும் படாம போயிடக் கூடாதே! பிறகு கியர்பாக்ஸ் நிறுவனம் கை கொடுத்தது. 2011 ஜூனில் கேம் வெளியாச்சு.

8/ விமர்சனம்? மோசம். 'காலாவதியான கேம்'னு கிழிச்சாங்க. காலாவதி ஆகிடக் கூடாதுன்னுதானே திரும்பத் திரும்ப இடிச்சுக் கட்டினாங்க!

9/ எங்க தொழிலில் தினமும் பார்க்கிறது இது. இன்னும் ஒரு டெஸ்ட், இன்னும் ஒரு ஸ்கேன்னு காத்திருந்தா நோய் நமக்காக நிக்காது. கையில் இருக்கிற ரிப்போர்ட்டை வைச்சு ஒரு கட்டத்தில் முடிவெடுத்தே ஆகணும். தள்ளிப் போடறதுக்கும் பக்க விளைவு உண்டு.

10/ அதனால அடுத்த முறை ஒரு கேம் தள்ளிப் போச்சுன்னா, எத்தனை மாசம்னு மட்டும் பார்க்காதீங்க. அங்கே 'போதும்'னு சொல்ல ஒருத்தர் இருக்காரான்னு பாருங்க. இருந்தா, தைரியமா காத்திருங்க.