மெலடோனினும் வைரஸ் மூளைக்காய்ச்சலும்

மெலடோனின், மூளையிலுள்ள பினியல் சுரப்பி இரவில் சுரக்கும் ஓமோன். உறக்க நேரத்தை ஒழுங்குபடுத்துவது இதன் முதன்மைப் பணி. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆரோன் லெர்னர் குழுவினர் 1958இல் மாட்டின் பினியல் சுரப்பிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். வைரஸால் ஏற்படும் மூளைச் சேதத்தை இது குறைக்குமா என்பது 1990கள் முதல் ஆராயப்படுகிறது.

இலங்கையில் இவ்வகை நோய்களுள் முக்கியமானது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். 1985–86இல் அனுராதபுரம் பகுதியில் இது பெருமளவில் பரவியது. பன்றிகளிலும் நீர்ப்பறவைகளிலும் பெருகும் வைரஸை, வயல்நீரில் வளரும் கியூலெக்ஸ் நுளம்புகள் மனிதருக்குக் கடத்துகின்றன. ஊவாவில் மகியங்கனை போன்ற தாழ்நில வயற்பகுதிகள் இந்நுளம்புகளுக்கு ஏற்றவை. பசறை, அப்புத்தளை மலைத்தோட்டங்களின் தேயிலைச் சரிவுகளில் நீர் அவ்வாறு தேங்கி நிற்பதில்லை.

மூளை பாதிக்கப்பட்டவர்களில் 30 வீதம் வரை இறக்கலாம். பிழைப்பவர்களில் 30 முதல் 50 வீதமானோருக்கு வலிப்பு, பக்கவாதம், அறிவாற்றல் குறைபாடு போன்றவை நீடிக்கின்றன. சேதத்துக்கு வைரஸ் மட்டும் காரணமன்று. தொற்றை எதிர்க்கும் மைக்ரோகிளியா கலங்கள் அழற்சிப் பொருள்களையும் நைத்திரிக் ஒட்சைட்டையும் அளவுக்கு மீறி வெளியிடுகின்றன. அவற்றாலும் சுயாதீன மூலிகங்களாலும் நரம்புக்கலங்கள் அழிகின்றன.

மெலடோனின் குருதி–மூளைத் தடையை எளிதில் கடக்கிறது. சுயாதீன மூலிகங்களைச் செயலிழக்கச் செய்வதோடு, அவற்றை எதிர்க்கும் நொதியங்களையும் தூண்டுகிறது, அழற்சியைத் தணிக்கிறது. 1995இல் வெளியான ஆய்வொன்றில், செம்லிக்கி காட்டு வைரஸ் செலுத்தப்பட்ட எலிகளின் இறப்பு வீதம் மெலடோனினால் 100இலிருந்து 44ஆகக் குறைந்தது. வெனிசுவேலாவில் எர்னஸ்டோ பொனிலா குழுவினர், குதிரை மூளைக்காய்ச்சல் வைரஸ் தொற்றிய எலிகளிலும் இத்தகைய பாதுகாப்பைக் கண்டனர்.

1995ஆம் ஆண்டின் ஆய்வில் வைரஸ் செலுத்துவதற்கு 3 நாள்கள் முன்பே மெலடோனின் கொடுக்கத் தொடங்கினர். நோயாளியின் நிலை வேறு. நுளம்பு கடித்து 4 முதல் 14 நாள்களில்தான் காய்ச்சல் தோன்றும். வலிப்போ மயக்கமோ கண்டு வைத்தியசாலைக்கு வரும்போது வைரஸ் மூளையை அடைந்துவிட்டிருக்கும். அந்தக் கட்டத்தில் கொடுக்கும் மெலடோனின் மனிதருக்குப் பயனளிப்பதாக நிறுவப்படவில்லை. ஆகவே, இது துணைச் சிகிச்சைக்கான ஆய்வுப் பொருளாகவே உள்ளது.

இந்நோய்க்கெனத் தனியான வைரஸ் எதிர்ப்பு மருந்தும் இல்லை. வலிப்பை அடக்குதல், சுவாசத்துக்கு உதவுதல், மூளை வீக்கத்தைக் குறைத்தல் ஆகியவையே சிகிச்சை. இலங்கையில் 1988இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டமே நோயைக் கட்டுப்படுத்தும் முதன்மை வழி. தேசிய அட்டவணைப்படி குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி போடப்படுகிறது.