எசேக்கியேல் நூலில் நிலப்பங்கீடு: நில அளவையா, அதிகார வரம்பா?

ஆய்வுச் சுருக்கம்

எசேக்கியேல் நூலின் இறுதிப் பகுதி (47:13–48:35) மீட்கப்படும் இஸ்ரவேல் நாட்டைப் பன்னிரு கோத்திரங்களுக்கும் பங்கிடும் முறையை எடுத்துரைக்கிறது. இதனை வருங்கால நிலவரைபடமாகக் கொள்வதினும், முடியாட்சிக் கால நில அநீதிகளுக்கு மாற்றாக எழுந்த சட்டவரைவாகக் கொள்வதே பொருந்தும் என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச் சொற்கள்: எசேக்கியேல், நிலப்பங்கீடு, கோத்திரம், அதிபதி, அந்நியர் உரிமை.

முன்னுரை

கி.மு. 597இல் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட யூதேயருள் எசேக்கியேலும் ஒருவர், ஆசாரிய மரபினர். அடுத்த பத்தாண்டளவில் எருசலேமும் ஆலயமும் அழிந்தன. சிறையிருப்பின் 25ஆம் ஆண்டில், ஏறத்தாழ கி.மு. 573இல், அவர் கண்ட காட்சியாக 40 முதல் 48 வரையிலான அதிகாரங்கள் அமைகின்றன. வட இஸ்ரவேல் அரசு அசீரியரிடம் வீழ்ந்து அப்போது ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்திருந்தது. எனினும், சிதறிப்போன கோத்திரங்களுக்கும் இக்காட்சியில் பங்கு உண்டு.

பழைய பங்கீடும் புதிய பங்கீடும்

மக்கள்தொகை மிகுந்த கோத்திரத்திற்கு மிகுதியாகவும் குறைந்ததற்குக் குறைவாகவும் நிலம் அளிக்கவேண்டும் என்பது எண்ணாகமம் கூறும் விதி (26:54). அம்முறையில் மனக்குறைகள் எழுந்தன. தங்களுக்குக் கிடைத்த பங்கு போதாதென யோசேப்பின் வழியினர் முறையிட்டனர் (யோசுவா 17:14–18). சிமியோனின் பங்கு யூதாவின் நிலத்துள்ளேயே அடங்கியது (யோசுவா 19:1–9). எசேக்கியேலோ ஒருவருக்குக் கிடைப்பது போலவே மற்றவருக்கும் கிடைக்கவேண்டும் என்கிறார் (47:14). யோர்தானுக்குக் கிழக்கே வாழ்ந்த ரூபன், காத் கோத்திரங்களும் மனாசேயின் பாதிக் கோத்திரமும் இப்பங்கீட்டில் மேற்கே கொண்டுவரப்படுகின்றன. யோர்தானே கிழக்கு எல்லையாகிறது (47:18).

பங்குகள் கிழக்கு மேற்காக நீண்ட பட்டைகளாக அமைகின்றன. ஏழு கோத்திரங்கள் அர்ப்பிதப் பங்கிற்கு வடக்கிலும் ஐந்து தெற்கிலும் இடம்பெறுகின்றன. வரலாற்றில் தெற்கிலிருந்த யூதா வடபுறத்திலும், அதற்கு வடக்கிலிருந்த பென்யமீன் தென்புறத்திலும் வைக்கப்படுகின்றன. வடக்கு, தெற்கு என்னும் பழைய அரசியல் பிளவு இவ்வரிசையில் பொருளிழக்கிறது. ஆயினும் சமன்மை முழுமையானதன்று. பில்காள், சில்பாள் ஆகிய பணிப்பெண்களின் வழிவந்த தாண், ஆசேர், நப்தலி, காத் ஆகியோர் ஆலயத்திலிருந்து மிகத் தொலைவில் நிறுத்தப்படுகின்றனர். அளவில் சமனும் இருப்பிடத்தில் படிநிலையும் ஒருங்கே நிலவுகின்றன.

அதிபதியும் அந்நியரும்

நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் கவர்ந்துகொண்ட நிகழ்ச்சி (1 இராஜாக்கள் 21) அரசதிகாரம் குடிகளின் நிலத்தை விழுங்கியதற்குச் சான்றாகும். எசேக்கியேலின் திட்டத்தில் அதிபதிக்கு அர்ப்பிதப் பங்கின் இருபுறமும் தனிநிலம் குறிக்கப்படுகிறது. அவன் குடிகளை ஒடுக்கலாகாது, அவர்தம் சுதந்தரத்தைப் பறிக்கலாகாது, தன் மக்களுக்குத் தன் சொந்த நிலத்திலிருந்தே கொடுக்கவேண்டும் (45:8, 46:18). அந்நிலம் அவனுக்கு உரிமையாவதோடு அவனது அதிகாரத்திற்கு வரம்பாகவும் அமைகிறது. நகரமும் தாவீதின் பெயரைத் தாங்கவில்லை. எல்லாக் கோத்திரத்தாரும் அதில் பணிசெய்கின்றனர். அதன் பன்னிரு வாயில்களும் கோத்திரங்களின் பெயர்களைத் தாங்குகின்றன.

நாட்டில் தங்கிப் பிள்ளைகளைப் பெற்ற அந்நியரும், தாம் வாழும் கோத்திரத்தின் நடுவே சுதந்தரம் பெறுவர் (47:22–23). அந்நியரை ஒடுக்கலாகாதென முந்தைய சட்டங்களும் கூறுகின்றன. இங்கு அப்பாதுகாப்பு நிலவுரிமையாக வளர்கிறது. நிலமிழந்து அயல்நாட்டில் அந்நியராய் வாழ்ந்த சமூகத்திடமிருந்து இவ்விதி எழுந்தது என்பது கருதத்தக்கது.

விளக்க மரபுகளின் இடர்ப்பாடு

1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கவுரை வேதாகமத்தால் பரவலான மரபு, இப்பகுதியை ஆயிரவருட அரசாட்சியில் எழுத்துப்படி நிறைவேறவிருப்பதாகக் கொள்கிறது. மூலத்தின் அளவுகள் இதற்கு எளிதில் இடந்தருவதில்லை. அர்ப்பிதப் பங்கு 25,000 அலகுச் சதுரம். அலகின் பெயர் பல இடங்களில் குறிக்கப்படவில்லை. முழம் எனக் கொண்டால் ஒரு பக்கம் ஏறத்தாழ 13 கி.மீ. ஆகும். ஆறு முழக் கோல் எனக் கொண்டால் அது 78 கி.மீ. அளவாகி, கடலுக்கும் யோர்தானுக்கும் இடைப்பட்ட அகலம் முழுவதையும் நிரப்பிவிடும். அதிபதியின் பங்கிற்கு இடமிராது. கோத்திரப் பட்டைகளின் வடக்குத் தெற்கு அளவோ எங்கும் கூறப்படவில்லை. அதிபதி, ஆசாரியர், லேவியர், நகரம் ஆகியவற்றின் எல்லைகளையே நூல் நுணுகி வரையறுக்கிறது.

மறுபுறம், வெளிப்படுத்தின விசேஷம் (அதி. 21) பன்னிரு வாயில்களை விண்ணக நகருக்கு உரியனவாக்குகிறது. அவ்வழியில் இப்பகுதியை முற்றிலும் உருவகமாகக் கொள்ளும் விளக்கம் நிலத்தையே கைவிடுகிறது. எழுத்துப்படியான விளக்கமோ எல்லைக்கோடுகளைப் பற்றிக்கொண்டு, அவற்றோடு பிணைந்த அந்நியர் உரிமையைப் பெரும்பாலும் பின்தள்ளுகிறது.

முடிவுரை

பாரசீக ஆட்சியில் திரும்பியோர் யூதேயா என்னும் சிறுநிலப்பகுதியிலேயே குடியேறினர். எசேக்கியேலின் பங்கீடு நடைமுறைக்கு வரவில்லை. யாருக்கு எவ்வளவு நிலம் என்பதினும், நிலத்தின்மீது யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதே அதன் மையவினா. எல்லைகளைக் கூறும் 47ஆம் அதிகாரம் அந்நியருக்கான பங்கோடு முடிவடைகிறது. எல்லையை மட்டும் ஏற்று அப்பங்கை மறுக்கும் விளக்கம் மூலத்தின் பாதியையே வாசித்ததாகும்.