விலங்கோடு பினாங்குக்கு

பினாங்கு என்றதும் யாழ்ப்பாணத்தவர் நினைவில் எழுவது பென்சன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் எம்மவர் மலாயாவுக்குக் கப்பலேறி, றெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்து, ஓய்வுக் காலத்தில் ஊர் திரும்பிக் கல்வீடு கட்டினார்கள். 'மலாயன் பென்சனியர்' என்ற தொடருக்கு எங்கள் ஊர்களில் தனி மதிப்பே இருந்தது. அவர்களுக்கு நெடுங்காலம் முன்னரே வேறு சில தமிழர் அதே தீவில் விலங்கோடு இறங்கினார்கள். அவர்களுள் ஓர் இளைஞனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நாடுகடத்தல் என்றால் பலரும் அவுஸ்திரேலியாவையே எண்ணுவர். 1788 தொடக்கம் 1868 வரை ஏறக்குறைய 1,62,000 கைதிகளைப் பிரித்தானியா அங்கு அனுப்பியது. துணி திருடியவனும் ஆடு திருடியவனும் அயர்லாந்துக் கிளர்ச்சிக்காரனும் அதில் அடக்கம். இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பாட்டன் பெயரைத் தேடி எடுத்துப் பெருமையும் கொள்கிறார்கள். இந்தியக் கைதிகளுக்குக் கும்பனியார் ஒதுக்கிய இடங்கள் வேறு: பினாங்கு, சுமத்திராவின் பென்கூலன், பின்னர் சிங்கப்பூர்.

1801 ஜூன் மாதத்தில் சிவகங்கைச் சின்ன மருது, ஆங்கிலேயருக்கு எதிராக எழுமாறு மக்களை அழைத்துத் திருச்சிராப்பள்ளியில் அறிக்கை ஒட்டுவித்தார். ஒக்டோபர் 24 இல் மருது சகோதரர் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமிக்கு அப்போது வயது பதினைந்து அளவில். அவனுக்குத் தூக்கு இல்லை, தீவு. 1802 பெப்ரவரி 11 இல் 'அட்மிரல் நெல்சன்' என்ற கப்பல் எழுபதுக்கு மேற்பட்ட கைதிகளோடு தூத்துக்குடியை விட்டுப் புறப்பட்டது. சிவகங்கை அரசர் பெரிய உடையணத்தேவரும் அவர்களுள் ஒருவர். அந்த ஆண்டிலேயே அவர் பென்கூலனில் உயிர்நீத்தார். பினாங்குக்கு ஆங்கிலேயர் அந்நாளில் வைத்திருந்த பெயர் 'வேல்ஸ் இளவரசர் தீவு'. அரசகுமாரர்களை அடைத்து வைக்கப் பொருத்தமான பெயர்தான்!

தூத்துக்குடியில் இக்கைதிகளுக்குக் காவல் நின்றவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி. 1795 இல் இவர் சின்ன மருதுவின் நண்பர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுத்தந்தவர் அவரே என்று வெல்ஷ் எழுதுகிறார். காவலாள் ஒருவருமின்றித் திறந்து கிடந்த அவர் மாளிகையையும், தமக்கு வந்த அரிசியையும் பழங்களையும் நன்றியோடு நினைவுகூருகிறார். அதே வெல்ஷ் 1801 இல் அவருக்கெதிரான படையில் இருந்தார். நண்பரின் மகன் கைதியாகக் கைக்கு வந்தபோது அவரால் செய்ய முடிந்தது, கால் விலங்கின் பாரத்தைக் குறைத்ததே. அதைச் சிறு உதவி என்று நாம் தள்ளிவிடலாம். துரைச்சாமி தள்ளவில்லை.

1818 இல் வெல்ஷ் பினாங்குக்குப் போயிருந்தார். ஒருநாள் நலிந்து தளர்ந்த கிழவர் ஒருவர் அவர் முன் வந்து நின்றார். வெல்ஷுக்கு ஆளைத் தெரியவில்லை. யார் என்று கேட்டார். "துரைச்சாமி" என்று பதில் வந்தது. கணக்குப் பார்த்தால் அந்தக் 'கிழவருக்கு' முப்பதைச் சற்றே கடந்த வயது. பதினாறு ஆண்டுத் தீவு வாழ்க்கை செய்த வேலை அது. அந்தப் பெயர் தன் நெஞ்சில் குத்துவாளாய்ப் பாய்ந்ததாக வெல்ஷ் எழுதுகிறார். அதை நான் நம்புகிறேன். எனினும் தண்டனை முறையைப் பற்றி அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. விதியை நொந்து கொள்கிறார், அவ்வளவே.

வெல்ஷின் நினைவுக் குறிப்புகள் 1830 இல் லண்டனில் இரு தொகுதிகளாக அச்சேறின. தமிழில் சிவகங்கைச் சரித்திரக் கும்மியும் அம்மானையும் இருக்கின்றன. மருதிருவரின் போரையும் வீழ்ச்சியையும் அவை பாடுகின்றன. மகன் தீவில் எப்படி நின்றான் என்று மாணவருக்குச் சொல்ல, விலங்கு பூட்டிய பக்கத்தாரின் ஏட்டைத்தான் நான் திறக்க வேண்டியிருக்கிறது.