ஒலிநாடா ஆசான்: சிங்கப்பூர்த் தமிழரும் பேஸ் கிட்டார்க் கல்வியும்

கலைகள் யாவும் கேள்வியால் வளர்ந்தவை. ஏடு எழுதப்படுவதற்கு முன்பே பண் இருந்தது. இலக்கணம் வகுக்கப்படுவதற்கு முன்பே தாளம் இருந்தது. ஆசான் வாசிக்க மாணாக்கன் கேட்பதும், கேட்டதைத் தன் விரலில் ஏற்றிப் பார்ப்பதும், பிழை நேர்ந்தவிடத்து மீண்டும் கேட்பதுமாகவே இசைக்கல்வி நடந்து வந்துள்ளது. ஆசானைக் காணாமலே அவர் கலையைக் கற்ற ஏகலைவன் கதையை நம்மவர் அறிவர். இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அத்தகைய ஏகலைவர்கள் உலகெங்கும் தோன்றினர். அவர்கள் முன் இருந்தது மண்ணாற் செய்த உருவமன்று, ஒலிநாடா. சிங்கப்பூர்த் தமிழிளைஞர் சிலர் அவ்வழியே கற்ற ஒரு வித்தையின் வரலாற்றை ஈண்டு ஆராய்வது பொருந்தும்.

கருவியின் இயல்பு

பேஸ் கிட்டார் வயதில் இளைய கருவி. ஆளுயரப் பெருவயலினைத் தூக்கிச் சுமந்த இசைக்கலைஞர்களின் இடர் தீர, அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பார் 1951-இல் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணையில் உள்ளதுபோல் மெட்டுகள் பதித்திருந்தமையால் விரல் வைக்குமிடம் பிழையாது. அதனாலேயே அதற்குத் 'துல்லியம்' எனப் பொருள்படும் பெயரை அவர் இட்டார்.

இக்கருவிக்குப் பொதுவாக நரம்புகள் நான்கு. மிகத் தாழ்ந்த நரம்பு நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகளையும், மிக உயர்ந்தது 98 அதிர்வுகளையும் எழுப்பும். சிலப்பதிகார உரையாசிரியர் மெலிவு, சமன், வலிவு என இயக்கத்தை மூன்றாகப் பகுப்பர். இது முற்றிலும் மெலிவு இயக்கத்துக்குரிய கருவி. ஒவ்வொரு நரம்பும் தனக்குக் கீழுள்ள நரம்புக்கு நான்காம் சுரமாக நிற்கும். நான்காம் நரம்பை 'நட்பு' என்றும் ஐந்தாம் நரம்பைக் 'கிளை' என்றும் பழந்தமிழ் இசைநூலார் வழங்கினர். அவ்வழக்கின்படி, பேஸ் கிட்டார் நட்பு முறையில் சுருதி கூட்டப்பட்ட கருவி. ஹெவி மெட்டல் இசையின் அடித்தளமாகிய இருசுரக் கூட்டோ கிளை உறவில் அமைந்தது. பெயர் அயலாயினும் ஒலியின் உறவுமுறை தமிழ் மாணாக்கர்க்குப் புதிதன்று.

ஆசான்மார் வரிசை

ஹெவி மெட்டல் இசை இங்கிலாந்தின் தொழில் நகரமாகிய பர்மிங்காமில் உருப்பெற்றது. 'பிளாக் சாபத்' குழுவின் முதல் இசைத்தட்டு 1970-இல் வெளிவந்தது. அக்குழுவின் பேஸ் கலைஞர் கீசர் பட்லர், தலைமைக் கிட்டார் வாசிக்கும் சொற்றொடரையே தாமும் கீழ்ச்சுருதியில் பின்தொடர்ந்து, இடைவெளிகளில் வளைவும் அசைவும் சேர்த்தார். 'மோட்டார்ஹெட்' குழுவின் லெம்மி பேஸ் கருவியையே தாளக் கிட்டாரைப்போல் மீட்டினார்.

கிழக்கு இலண்டனில் 1975-இல் 'அயர்ன் மெய்டன்' குழுவைத் தொடங்கிய ஸ்டீவ் ஹாரிஸ் என்பாரின் நடை தமிழாசிரியர்க்கு எளிதில் விளங்கும். குதிரைப் பாய்ச்சல் எனப்படும் அந்நடையில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் மாறாது தொடர்ந்து வரும். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒரு மாத்திரை என்பது நம் இலக்கணம். ஆகவே அதனைத் 'தா-தன, தா-தன' என நெடில் குறில் குறிலாக, நான்கு மாத்திரையில் சொல்லிக் காட்டலாம். திருப்புகழின் சந்தங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகிய நாவுக்கு இது கடினமன்று. கடினம் விரலுக்கே: இரண்டு விரல்களை மாறிமாறிப் பயன்படுத்தி, அவ்வளவு விரைவிலும் மாத்திரை குன்றாமல் நெடுநேரம் வாசிக்க வேண்டும்.

இவ்வரிசையில் வந்தவர் கிளிஃப் பர்ட்டன். 1962 பிப்ரவரி 10-இல் கலிபோர்னியாவில் பிறந்தார். இளமையில் பியானோ பயின்ற அவர், தமையனார் 1975-இல் மறைந்த பிறகு பேஸ் கிட்டாரைக் கையிலெடுத்தார். ஆசிரியர்களிடம் முறையாகப் பாடங்கேட்டார். பாக் என்னும் ஜெர்மானிய மேதையின் இசையை ஆழ்ந்து பயின்றார். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தை விட்டுத் தாம் வர இயலாதென அவர் கூறியமையால், 'மெட்டாலிகா' குழுவே லாஸ் ஏஞ்சலஸ் நகரை விட்டு அங்கே குடிபெயர்ந்தது என்பது அவர்தம் மதிப்பைக் காட்டும்.

அவர் நடையின் சிறப்பு மூன்று. முதலாவது, பிற்காலத்தில் விரைவிசைக் கலைஞர் பலர் மீட்டுதகட்டை நாடியபோதும், அவர் விரல்களாலேயே வாசித்தார். இரண்டாவது, தலைமைக் கிட்டாருக்கே உரியதெனக் கருதப்பட்ட ஒலிச்சிதைவுக் கருவியையும் வா-வா மிதியையும் பேஸ் கிட்டாரில் இணைத்தார். 1983-இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் அவர் தனித்து வாசித்த பகுதி இதற்குச் சான்று. 1984-இன் இசைத்தட்டில் ஒரு பாடலின் தொடக்கத்தைக் கேட்போர் பலர் கிட்டார் எனவே மயங்குவர். அது பர்ட்டனின் பேஸ். மூன்றாவது, பல குரல் இணைந்தோடும் இசையமைப்பு அறிவைத் தம் குழுவினர்க்கும் ஊட்டினார். 1986 செப்டம்பர் 27-இல் ஸ்வீடன் நாட்டில் குழுவின் பேருந்து கவிழ்ந்து, தம் 24-ஆம் வயதில் மறைந்தார். மூன்றே இசைத்தட்டுகளை விட்டுச் சென்றவர் ஓராயிரம் மாணாக்கர்க்கு ஆசான் ஆனார்.

சிங்கப்பூரில் அவ்விசை

இவ்விசை சிங்கப்பூரில் வரவேற்புடன் வந்து சேரவில்லை. 1970-களில் நீண்ட தலைமுடிக்கு எதிரான இயக்கம் இங்கே நடைபெற்றது. 1972-இல் 'லெட் செப்பலின்' குழுவினர் தலைமுடியின் காரணமாகவே இங்கு இசை நிகழ்த்த இயலாமற் போயினர். எனினும் கலைஞரைத் தடுக்கலாம். ஒலியைத் தடுத்தல் அரிது. 1987-இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை உரிமம் பெறாத மலிவான ஒலிநாடாக்கள் சிங்கப்பூரில் பெருகிக் கிடந்தன. சட்டநோக்கில் அது குற்றம். கலைநோக்கில் வறிய மாணாக்கர்க்கு அதுவே நூலகமாயிற்று.

மலாய் இளைஞரிடையே ரோக் இசை வேரூன்றியமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. ரம்லி சாரிப் பாடிய 'ஸ்வீட் சேரிட்டி' என்னும் சிங்கப்பூர்க் குழுவின் முதல் இசைத்தட்டு 1979-இல் வெளிவந்தது. 1985-இல் தொடங்கிய 'பிக்ஓ' இதழ் உள்ளூர்க் குழுக்களைப் பற்றி எழுதிற்று. 1990-இல் ஆர்மீனியன் சாலையில் குவோ பாவ் குன் நிறுவிய 'சப்ஸ்டேஷன்' கலையகம் அக்குழுக்களுக்கு மேடை தந்தது.

புறநகர் இளைஞர்க்கு இவையெல்லாம் எட்டும் தூரத்தில் வந்தமைக்கு ஒரு புறக்காரணமும் உண்டு. ஈசூன் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரப்பர், அன்னாசித் தொழில்களில் சிறந்த லிம் நீ சூன் என்பாரின் பெயரே மாண்டரின் ஒலிப்பில் ஈசூன் ஆயிற்று. செம்பவாங் கடற்படைத்தளத்தில் பணியாற்றிய இந்தியர் பலர் வாழ்ந்த வட்டாரத்தை அடுத்தது இந்நகர். அத்தளத்தின் காலத்தில் ஒரு மரத்தடியில் தோன்றிய புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயில் இன்று இருப்பதும் ஈசூனிலேயே. 1988-இல் ஈசூனுக்குப் பெருவிரைவு ரயில் வந்தது. வண்டி மாறாமலே நகரமண்டப நிலையத்தில் இறங்கி, பெனின்சுலா வணிக மையத்தின் கிட்டார்க் கடைகளுக்கும் அன்று ஆர்மீனியன் சாலையில் இருந்த சப்ஸ்டேஷனுக்கும் நடந்தே செல்ல முடிந்தது. நாகசுரமும் தவிலும் ஒலிக்கும் கோயிலுக்கும் மின்கிட்டார் ஒலிக்கும் மேடைக்கும் இடையே ஒரே ரயில்பாதை அமைந்தது.

கற்ற முறை

ஒலிநாடாவிலிருந்து பேஸ் வாசிப்பைக் கற்றல் எளிய செயலன்று. சிறிய ஒலிபெருக்கியில் தாழ்ந்த சுரங்கள் தெளிவாகக் கேளா. நாடாக் கருவி சற்று விரைந்தோ தளர்ந்தோ ஓடினாலும் சுருதி மாறும்; எனவே மாணாக்கன் முதலில் தன் நரம்புகளை நாடாவுக்கேற்பக் கூட்ட வேண்டும். பின்னர் ஒரு சொற்றொடரைக் கேட்டு, நிறுத்தி, பின்னோக்கிச் சுழற்றி, மீண்டும் கேட்க வேண்டும். பர்ட்டனுக்குப் பின் மெட்டாலிகா 1988-இல் வெளியிட்ட இசைத்தட்டிலோ பேஸ் ஒலி கேட்பதே அரிதாயிற்று. அதனைக் கற்க முனைந்தோர் கிட்டாரின் நிழலை வைத்தே பேஸை ஊகிக்க வேண்டியிருந்தது.

அடுக்குமாடி வீட்டில் மற்றொரு சிக்கல் உண்டு. தாழ்ந்த ஒலி சுவரையும் தரையையும் எளிதிற் கடந்து அண்டை வீட்டாரை எட்டும். ஒலிபெருக்காமல் வாசித்தாலோ கருவியின் ஒலி வாசிப்பவனுக்கே கேளாது. கருவியின் தலைப்பகுதியை மர அலமாரியின் கதவில் சார்த்தி, அதிரும் பலகையின் துணையால் ஒலியைக் கேட்பது பேஸ் மாணாக்கர் அறிந்த உத்தி.

இம்முறையில் பிழைகளும் மிகுதி. எந்த நரம்பில், எந்த விரலால் என்பதை நாடா சொல்லாது. சுரத்தை மட்டுமே சொல்லும். ஆனால், அக்குறையே ஒரு நிறையுமாயிற்று. விரலமைப்பைத் தானே தேடிக் கண்ட மாணாக்கன், அறியாமலே தனக்கென ஒரு நடையைப் பெற்றான். இன்று காணொளியும் எண்குறி வரிகளும் விரலிடம் முதல் யாவற்றையும் காட்டுகின்றன. கற்றல் விரைவாயிற்று; செவிக்கு இருந்த வேலை குறைந்தது.

தமிழ்ச் செவியின் முன்பயிற்சி

தமிழ் மாணாக்கர்க்கு மற்றோர் ஆசானும் இருந்தார். 1976-இல் 'அன்னக்கிளி' வழியே அறிமுகமான இளையராஜா, திரைப்பாடலில் பேஸ் கிட்டாரை வெறுந்துணையாக வைக்காமல், பாடகரின் குரலோடு உரையாடும் இரண்டாம் குரலாக உயர்த்தினார். சிராங்கூன் சாலைக் கடைகளில் ஒலித்த பாடல்களிலேயே தமிழர் அக்கீழ்ச்சுருதியைக் கேட்டுப் பழகியிருந்தனர். பர்ட்டன் மறைந்த அதே 1986-இல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வெளிவந்தது. தியாகராசருக்கும் பாக்கிற்கும் காணிக்கையான படைப்பு அது. கலிபோர்னிய இளைஞரும் பண்ணைபுரத்துக் கலைஞரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே ஆசானிடம் பாடங்கேட்டனர் எனலாம்.

பின்பற்றலும் கடத்தலும்

பிறர் நடையைக் கற்றல் எதுவரை செல்ல வேண்டும்? இவ்வினாவுக்குச் சிங்கப்பூர் தந்த விடைகளுள் ஒன்று 'ருத்ரா' குழு. 1992-இல் இந்திய இளைஞர் தொடங்கிய இக்குழுவில் கதிர் என்பார் பேஸ் வாசித்துக்கொண்டே பாடுபவர். விரல் ஒரு தாளத்திலும் நா வேறொரு தாளத்திலும் இயங்க வேண்டிய இவ்விரட்டைப் பணி லெம்மி போன்றோர் வகுத்த வழி. 1996-இல் ஒருமுறை கலைந்து மீண்டும் இணைந்த குழு, 1998-இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. வேதாந்தக் கருத்துகளையும் வடமொழி மந்திரங்களையும் கன இசையோடு இணைத்து, அதற்கு 'வேதிக் மெட்டல்' எனப் பெயரும் இட்டது. 2003-இன் 'குருக்ஷேத்ரா', 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வந்த 'பிரம்மவித்யா' முத்தொகுதி ஆகியவை கடல்கடந்தும் பேர்பெற்றன. யூஜின் டைரியநாதன் 2009-இல் இக்குழுவையும் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தையும் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

இது நம் கலையா, அயற்கலையா என வினவுவோர் உளர். கூச்சல் என ஒதுக்குவோரும், தெய்வ மந்திரத்தை முரட்டொலியில் கலக்கலாமா எனத் தயங்குவோரும் உளர். அத்தயக்கம் புறக்கணிக்கத்தக்கதன்று, மந்திரத்திற்கு ஒலிமுறை உயிர் அன்றோ? ஆயினும் வயலினும் ஒருகாலத்தில் அயற்கருவியே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர் போன்றோர் கற்று ஏற்றபின் அது கருநாடக இசை மேடையின் இன்றியமையாத் துணையாயிற்று. கருவி எங்கே பிறந்தது என்பதைவிட, கற்றவர் அதனைக்கொண்டு எதைச் சொன்னார் என்பதே வரலாற்றில் நிலைக்கிறது.

இன்னொரு வினாவும் எஞ்சியுள்ளது. ருத்ராவின் பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் வடமொழியிலும் அமைந்தவை. குறிலையும் நெடிலையும் மாத்திரை பிசகாது எண்ணிச் சந்தம் அமைத்த தமிழுக்கு இவ்விசையில் உரிய இடம் இன்னும் முழுதாகத் தரப்படவில்லை. ஹாரிஸின் பாய்ச்சலையும் பர்ட்டனின் பல்குரல் அமைப்பையும் செவிவழியே கற்ற தலைமுறை அதற்கான விரலைத் தயாரித்துவிட்டது. சந்தத்தை வகுப்பறையில் வாய்விட்டுச் சொல்லித் தருதல் தமிழாசிரியர் கடன். அதனை நரம்பில் ஏற்றும் மாணாக்கன் ஈசூனின் ஏதேனும் ஓர் அடுக்குமாடியில் இருத்தல் கூடும்.