தோல்வியைக் கணக்கில் எழுதியவர்கள்

1829ஆம் ஆண்டு, மிசிசிப்பி ஆற்றில் நியூ ஆர்லியன்ஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நீராவிப் படகு ஒன்றில் ஜோசப் கவல் என்ற ஆங்கில நாடக நடிகர் பயணம் செய்தார். படகில் சிலர் புதுமாதிரியான சீட்டாட்டம் ஒன்றில் மூழ்கியிருந்ததைப் பார்த்து, 1844இல் வெளியான தன் நினைவுக்குறிப்பில் அதை எழுதிவைத்தார். போக்கரைப் பற்றி எஞ்சியிருக்கும் மிகப் பழைய சாட்சியங்களில் அது ஒன்று. அன்றைய கட்டில் 20 சீட்டுகளே. நான்கு பேர் உட்கார்ந்து ஆளுக்கு ஐந்தாகப் போட்டால் கட்டு தீர்ந்துவிடும். கவல் சொல்லும் அந்த ஆட்டத்திலேயே சீட்டு போடுபவரின் கள்ளத்தனமும் இருந்தது.

அக்காலத்தில் போக்கரைப் பிழைப்பாகக் கொண்டவனுக்குத் தொடர் தோல்வி என்ற கவலை கிடையாது. சீட்டின் முதுகில் அடையாளம் வைப்பான். அடியிலிருந்து உருவிப் போடுவான். எதிராளிக்குப் பின்னால் கூட்டாளியை நிறுத்திச் சைகை வாங்குவான். அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலையே இல்லை. அவன் பயந்ததெல்லாம் பிடிபடுவதற்குத்தான். 1835 ஜூலையில் விக்ஸ்பர்க் நகரத்தார் திரண்டு, சூதாடிகள் ஐந்து பேரை விசாரணையின்றித் தூக்கிலிட்டார்கள்.

நேர்மையாக ஆடிப் பிழைக்க வந்தவர்களுக்குத்தான் வேறொரு தலைவலி தொடங்கியது. ஒருவர் கையில் இரண்டு ஏஸ், இன்னொருவர் கையில் இரண்டு கிங். இருவரும் முழுப் பணத்தையும் நடுவில் தள்ளிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏஸ்காரர் ஏறக்குறைய ஐந்துக்கு நான்கு முறை ஜெயிப்பார். அந்த ஐந்தாவது முறை ஒரே வாரத்தில் மூன்று தடவை வந்துவிட்டால்? அவர் தப்பாக ஆடினாரா, காலம் சரியில்லையா? தொழில்முறைப் போக்கரின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் தேடிக்கொண்ட பதில்கள்தான்.

முதல் பதில் பொறுமை. அமெரிக்க அரசுக்காக ரகசியக் குறியீடுகளை உடைத்துப் பெயர்பெற்ற ஹெர்பர்ட் யார்ட்லி, இந்தியானா மாநிலத்தில் தன் சொந்த ஊரான வொர்த்திங்டனின் மதுக்கடைகளில் போக்கர் பழகியவர். 1957இல் அவர் எழுதிய ‘ஒரு போக்கர் ஆட்டக்காரனின் கல்வி’ என்ற நூலின் சாரம் எளியது: நல்ல சீட்டு வரும்வரை காத்திரு, வராவிட்டால் கீழே வை. சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாதவர்களின் பணம், சும்மா உட்காரத் தெரிந்தவர்களிடம் வந்து சேர்ந்துகொண்டிருந்த காலம் அது.

இரண்டாவது பதிலை டெக்ஸாஸ்காரர்கள் கண்டார்கள். டாய்ல் பிரன்சன் 1933இல் பிறந்தவர். கல்லூரிக் காலத்தில் நல்ல கூடைப்பந்து வீரர். தொழிற்சாலை வேலையின்போது சரிந்து விழுந்த சுமை காலை முறித்து அந்தக் கனவை முடித்தது. அலுவலக இயந்திரங்கள் விற்கும் வேலையில் சேர்ந்தார். வாடிக்கையாளரைத் தேடிப் போன இடத்தில் போக்கர் ஆட உட்கார்ந்து, ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் ஜெயித்தார், வேலையை விட்டார். பிறகு அமரில்லோ ஸ்லிம் பிரஸ்டன், செய்லர் ராபர்ட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து டெக்ஸாஸ், ஒக்லஹோமா, லூசியானா எனச் சுற்றினார். ஆட்டம் சட்டவிரோதம், போலீஸ் ஒரு பக்கம், துப்பாக்கியோடு வரும் கொள்ளையர்கள் மறுபக்கம்.

அந்த மூவருக்கும் ஒரே பணப்பை. ஒருவர் தோற்றால் மற்ற இருவர் ஜெயித்தது அதை ஈடுகட்டும். தொடர் தோல்வியை மூன்றாகப் பங்கிட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாடு சில ஆண்டுகள் ஓடியது. ஒருமுறை மூவரும் லாஸ் வேகாஸுக்குப் போய், ஆறு இலக்கத் தொகையாகச் சேர்த்திருந்த கைமுதல் முழுவதையும் இழந்து திரும்பினார்கள். கூட்டும் கலைந்தது. ஆனால் மூவரும் தேறி வந்தார்கள். பின்னாளில் உலகப் போக்கர் தொடரின் பிரதான ஆட்டத்தில் 1972இல் ஸ்லிம், 1975இல் ராபர்ட்ஸ், 1976இலும் 1977இலும் பிரன்சன் பட்டம் வென்றார்கள்.

பிரன்சன் 1970களின் இறுதியில் சொந்தச் செலவில் ‘சூப்பர் சிஸ்டம்’ என்ற தடித்த நூலை வெளியிட்டார். விலை 100 டாலர். அதுவரை அடிபட்டுத்தான் கற்க முடிந்ததை, காசு கொடுத்தால் படித்துக்கொள்ளலாம் என்றானது. தன் உத்திகளை ஊருக்கே சொல்லிக்கொடுத்துத் தனக்கே நட்டம் தேடிக்கொண்டதாக அவர் பிற்பாடு அலுத்துக்கொண்டதுண்டு.

திறமை மட்டும் போதாது என்பதற்கு அதே காலத்து சாட்சி ஸ்டூ அங்கர். நியூயார்க்கில் ஜின் ரம்மி ஆடி, எதிர்த்து ஆட யாரும் முன்வராத அளவுக்கு ஜெயித்தவர். 1980, 1981 என அடுத்தடுத்து உலகப் பட்டம். போக்கரில் வந்ததைக் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் போதைப்பொருளிலும் விட்டார். 1997இல் நுழைவுக் கட்டணம் 10,000 டாலர்கூடக் கையில் இல்லை. சக ஆட்டக்காரர் பில்லி பாக்ஸ்டர் கட்டினார். அங்கர் மூன்றாவது முறையாகப் பட்டம் வென்றார். 10 லட்சம் டாலர் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில், 45 வயதில், லாஸ் வேகாஸின் மலிவு விடுதி அறையொன்றில் இறந்து கிடந்தார்.

மூன்றாவது பதிலைக் கணக்குத் தெரிந்தவர்கள் கொண்டுவந்தார்கள். 1987இல் டேவிட் ஸ்க்லான்ஸ்கியின் ‘போக்கர் கோட்பாடு’ நூலும், புள்ளியியல் பின்னணி கொண்ட மேசன் மால்முத்தின் சூதாட்டக் கோட்பாட்டு நூலும் வந்தன. சராசரியாக எவ்வளவு ஜெயிக்கிறாய் என்பதோடு, அந்தச் சராசரியைச் சுற்றி எவ்வளவு ஏறி இறங்குகிறாய் என்பதையும் பார் என்றார் மால்முத். அதை வைத்து ஆட்டக்காரனுக்கு எவ்வளவு கைமுதல் வேண்டும் என்று கணக்கிட முடிந்தது. வீட்டு வாடகைக்கான பணம் வேறு, ஆட்டத்துக்கான பணம் வேறு என்ற ஒழுக்கத்துக்கு எண்களின் பலம் கிடைத்தது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். கட்டாயப் பந்தயம் 2 டாலராக உள்ள மேசையில், நூறு ஆட்டத்துக்குச் சராசரியாக 10 டாலர் ஜெயிக்கும் கெட்டிக்காரர் ஒருவர். ஏற்ற இறக்கம் வழக்கமான அளவில் இருந்தால், 10,000 ஆட்டம் முடிந்த பிறகும் அவர் நட்டத்தில் நிற்க ஏறக்குறைய பத்துக்கு மூன்று வாய்ப்பு உண்டு. சூதாட்ட விடுதியில் மணிக்கு 30 ஆட்டம்தான் நடக்கும். ஆக, வாரம் 40 மணி நேரம் உட்கார்ந்தாலும் அது இரண்டு மாத உழைப்பு. இரண்டு மாதம் சரியாக ஆடிவிட்டு வெறுங்கையோடு எழுவது இந்தத் தொழிலில் விபத்தல்ல, நடைமுறை.

1998இல் இணையத்தில் பணம் வைத்து ஆடும் போக்கர் தொடங்கியது. ஒரே நேரத்தில் பல மேசைகளில் ஆடும் இளைஞர், பழைய ஆட்டக்காரர் பல மாதங்களில் பார்த்த சீட்டை ஒரு வாரத்தில் பார்த்தார். ஒவ்வொரு ஆட்டத்தையும் சேமித்து அலசும் மென்பொருள்கள் வந்தன. 2003இல் டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத் தகுதிச் சுற்று வழியாக உலகத் தொடருக்கு வந்து 25 லட்சம் டாலர் வென்றார். அவ்வாண்டு பிரதான ஆட்டத்தில் 839 பேர். 2006இல் 8,773 பேர். கூட்டம் அலைமோதியது.

கைமுதலைக் காக்கும் விதிகளும் பரவின. ஒரு மேசைக்கு மொத்தக் கைமுதலில் 5 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோவதில்லை என்ற கட்டுப்பாட்டோடு ஆடி, சைபரிலிருந்து 10,000 டாலர் சேர்த்துக் காட்டினார் கிறிஸ் ஃபெர்குசன் என்ற ஆட்டக்காரர். அவர் பங்குதாரராக இருந்த இணையதளத்திலேயே 2011இல் அமெரிக்க அரசின் நடவடிக்கைக்குப் பிறகு ஆட்டக்காரர்களின் பணம் முடங்கியது வேறு கதை.

அதே ஆண்டில், கோல்ஃப் வீரர்களுக்கு மனப்பயிற்சி அளித்துவந்த ஜாரெட் டெண்ட்லர் போக்கர் ஆட்டக்காரர்களின் மனநிலை குறித்து நூல் எழுதினார். தோல்வியின் சூட்டில் புத்தி தடுமாறுவதை ஆட்டக்காரர்கள் ‘டில்ட்’ என்பார்கள். டெண்ட்லர் அதை ஏழு வகையாகப் பிரித்தார்: அநியாயம் நடந்துவிட்டது என்ற கொதிப்பு, தன் தவறின் மேலான ஆத்திரம், எதிராளியைப் பழிவாங்கும் வெறி, நான் ஜெயிக்க வேண்டியவன் என்ற மிதப்பு என்று நீள்கிறது பட்டியல். எது தனக்கு வருகிறது, எந்தக் கட்டத்தில் வருகிறது என்று எழுதிவைத்து, அது தலைதூக்கும்போதே அடையாளம் காண்பது பயிற்சி. உளவியல் படித்த எழுத்தாளர் மரியா கோனிகோவாவுக்குப் போக்கர் கற்பித்த எரிக் சைடல், அநியாயமாகத் தோற்ற கதைகளைக் கேட்க மறுத்துவிடுவார். எந்த இடத்தில் என்ன யோசித்து முடிவெடுத்தாய் என்பதே அவருக்குத் தேவை.

திறமையா அதிர்ஷ்டமா என்பது நீதிமன்றங்களுக்கும் வந்த கேள்வி. ரம்மியையும் போக்கரையும் இணையச் சூதாட்டப் பட்டியலில் வைத்த தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவை, அவை திறன் ஆட்டங்கள் என்று கூறி 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. 2025இல் வந்த மத்தியச் சட்டமோ, திறனா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது.

திறமையை அளப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஒரு சோதனை காட்டியது. 2015இல் கிளாடிகோ என்ற கணினி நிரலோடு நான்கு நிபுணர்கள் 80,000 ஆட்டங்கள் ஆடி, 7,32,713 டாலர் மதிப்புள்ள சில்லுகள் முன்னிலை பெற்றார்கள். ஆய்வாளர்கள் அதைப் புள்ளியியல்படி சமநிலை என்றார்கள். 2017இல் லிப்ராடஸ் என்ற நிரல் 1,20,000 ஆட்டங்களில் 17,66,250 டாலர் மதிப்புள்ள சில்லுகள் அளவுக்கு மனிதர்களைத் தோற்கடித்தது. அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைக்க, ஓர் அறையில் நிரலுக்கு வந்த சீட்டையே மற்றோர் அறையில் மனிதருக்குக் கொடுத்து ஆடவைத்தார்கள்.

இன்று சரியான ஆட்டத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் நிரல்கள் மடிக்கணினியிலேயே ஓடுகின்றன. எல்லோரும் அவற்றில் படிப்பதால் எல்லோரும் தேறிவிட்டார்கள்; கெட்டிக்காரரின் முன்னிலை குறுகிவிட்டது. நூறு ஆட்டத்துக்கு 10 டாலர் ஜெயித்தவர் 4 டாலருக்கு இறங்கினால், ஒரு லட்சம் ஆட்டத்துக்குப் பிறகும் நட்டத்தில் நிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கிலிருந்து கிட்டத்தட்ட நான்கில் ஒன்றாக உயர்கிறது. விடுதி மேசையில் அது ஒன்றரை ஆண்டுக்கும் மேலான உழைப்பு. பழைய தலைமுறையைவிட அதிகம் படித்த தலைமுறை, அதனாலேயே அதிக காலம் தோற்கவும் வேண்டியிருக்கிறது. ஆகவே போட்டிகளுக்குப் போகும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நுழைவுக் கட்டணத்தைப் பங்கு பங்காகப் பிரித்து விற்கிறார்கள். ஒருவர் பரிசில் மற்றவருக்கு இத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்கிறார்கள். நிரலோடு படிக்கும் நேரத்தைப் போலவே, பலவீனமான எதிராளிகள் உட்கார்ந்திருக்கும் மேசையைத் தேடுவதற்கும் நேரம் ஒதுக்குகிறார்கள்.